கோயிலுக்குப் போகாத கூடை

அன்று காலை தோட்டத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். அப்பா. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அம்மை. பூ எண்ணுவதற்கு ஈரத்துணியை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி. பிச்சி வரிசையில் மேல்கோடியிலிருந்து பறித்து வந்தாள். என் தங்கச்சி. கீழ்க்கோடியிலிருந்து பறித்து வந்தாள். அவளுக்கு வயது பதினேழு, கல்யாணமாகி ஒரு வருஷமும் மூன்று மாதமும். நான். வண்டிக்காளைகள் இரண்டு. பிறகு வரப்பில் வந்து நின்ற ஆள். அவனைச் சேர்த்து ஆறு பேர்.

ஜெர்மனிச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி அது. கார்த்திகை கடைசி. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வானம் வெளுத்துவிட்டது. இனி பனிதான். பனி இறங்கினால் பிச்சி நின்றுபோகும். மொக்கு சிறுத்துக் காம்பிலேயே கருகும். பிறகு பங்குனி வெயில் ஏறுகிற வரை செடியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்த வருஷம் பனி மறுநாள் ராத்திரியே இறங்கியது. அன்று பறித்ததுதான் கடைசிப் பறிப்பு. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

தோட்டம் ஆற்றுப் படுகையில் இருந்தது. பெரிதில்லை. பிச்சி, ஓரத்தில் அரளி, கிணற்றைச் சுற்றிக் கனகாம்பரம், தண்ணீர் தேங்கும் மூலையில் மரிக்கொழுந்து. தினமும் கோயிலுக்கு ஆயிரம் மொக்கு கொடுக்க வேண்டும். அது என் பாட்டன் காலத்து ஏற்பாடு. கோயில் பூவைப் படியால் அளக்க மாட்டோம். எண்ணுவோம். ஐந்து ஐந்தாகத் துணியில் வைத்து எண்ணுவது எங்கள் வீட்டு வழக்கம். எண்ணி முடிக்கிற நேரத்தில் அம்மை வந்து நின்று, "எத்தனை?" என்பாள். தொகையைச் சொன்ன பிறகுதான் கூடை எழும்பும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் காலையில் பேசுகிற முதல் பேச்சு அதுதான்.

பூ இருக்கிற காலத்தில் கூடை நின்ற நாள் கிடையாது. ஒரு ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடியது. வண்டி போகாது. அப்பா கூடையைத் தலையில் வைத்துக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார். நாங்கள் கரையில் நின்று கத்தினோம். தலையும் கூடையும் மட்டும் போயின. மத்தியானம் காய்ச்சலோடு திரும்பினார். கூடை போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். 

மொக்கு எங்கள் வீட்டுத் தலைக்கு வராது. விலைபோகாமல் மலர்ந்துவிட்டது எதுவோ அது வரும். தங்கச்சி பூத்தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்தன்று ஒரு தடவைதான் சடை தைத்துப் பார்த்தாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது ராதாபுரம் பக்கம். பனங்காடு. மாப்பிள்ளை நல்ல மாதிரி. பிசான நெல் நடவு வந்து பறிப்பு ஆள்கள் எல்லாம் வயலுக்குப் போய்விட்டார்கள். பனிக்கு முந்தின பறிப்புக்குக் கை பற்றவில்லை. அப்பா வண்டி அனுப்பித் தங்கச்சியை வரவழைத்தார். பதினைந்து நாளில் அனுப்பிவிடுங்கள் என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

அந்த ஆள் வருகிறவரை பெண்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே பறித்தார்கள்.

"ஏட்டி, இலையையும் சேத்துப் பறிக்குதியே. மனசு பனங்காட்டுக்குப் போயிட்டோ?" என்றாள் என் வீட்டுக்காரி.

"மயினி, ஒங்க கண்ணு ஒங்க கூடையில இருக்கட்டும்."

"அங்கன பூவே கிடையாதாம்லா. தலைக்கு என்னத்தட்டி வப்பே?"

"ஏன், பனம்பூ இருக்கு. முழ நீளத்துக்கு. ஒங்களுக்கு ரெண்டு அனுப்பி வைக்கட்டா?"

என் வீட்டுக்காரி சிரித்ததில் மொக்கு சிந்தியது. அம்மை அங்கிருந்து அதட்டினாள்.

"ஒரு தடவை சந்தையில இருந்து வாங்கிட்டு வந்தாவ மயினி," என்றாள் தங்கச்சி. "மடியில கட்டி, வெயில்ல ஆறு மைல் நடந்து. பிரிச்சா கீரை மாதிரி கிடக்கு. கடையலாமான்னு கேட்டேன்."

"அதுக்கு அவிய என்ன சொன்னாவ?"

"ஒன்னும் சொல்லலை. அதையே எடுத்து வச்சுவிட்டாவ."

அப்போதுதான் அந்த ஆள் வரப்பில் வந்து நின்றான். துண்டு கையில் இருந்தது. உள்ளே கால் வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பண்ணையாள் அவன். கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். நான் போனேன்.

"சின்னவுக போயிட்டாவ ஐயா," என்றான்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"பேதி ஐயா. ஊருல நாலு பேரு. முந்தாநாள் பொழுதடைய முடிஞ்சுட்டு. அன்னைக்கே எரிச்சாச்சு. பேதியில போனதை வச்சிருக்க முடியாதுல்லா."

அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவளைக் கேட்டாரா?"

"கேட்டாவ ஐயா. பிச்சி பறிக்கப் போயிருக்காவன்னு சொன்னோம். சரின்னாவ."

தச்சநல்லூரில் மாப்பிள்ளையின் அத்தை இருந்தாள். அவளுக்கும் சொல்ல வேண்டும் என்றான். அவள் சாயந்தரம் வண்டியோடு வந்து தங்கச்சியைக் கூட்டிப் போவாள். அப்படித்தான் உத்தரவு. தண்ணீர் குடிக்கச் சொன்னேன். மாட்டேன் என்று கையைக் காட்டினான். போய் வருகிறேன் என்று சொல்லாமல் போனான். சாவுத் துட்டி சொல்ல வந்தவன் அதைச் சொல்லக் கூடாது.

"சொல்லிருவோம்பா," என்றேன்.

அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி ஒரு வரிசை முடித்து அடுத்ததற்குத் திரும்பினாள்.

"எரிச்சாச்சுல்லாலே. இப்பம் சொன்னா எந்த முகத்தைப் போய்ப் பாப்பா?"

"மறைக்கலாமா?"

"சாயந்தரம் வரைக்கும்," என்றார். "பத்தாம் நாளு தலை நிறைய வச்சுவிடுவாளுவ. அது பறிக்கதுக்கு வைக்கிற பூ. அவளுக்குன்னு ஒருநாள் வைக்கணும்லே. ஒரே ஒருநாள்."

எங்கள் ஆட்களில் அப்படித்தான். புருஷன் போனால் பத்தாம் நாள் பெண்டாட்டிக்குப் புதுச்சேலை கட்டி, வளையல் அடுக்கி, பூவை அள்ளி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று அழுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதற்குப் பிறகு பூ இல்லை. பதினேழு வயதானாலும் இல்லை. மறுகல்யாணமும் எங்களில் கிடையாது.

 நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்பா அம்மையைக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போனார். அம்மை சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. அப்பா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒன்னால முகத்தை மறைக்க முடியாது. அதனால அவ முதுகுப் பக்கம் இரு. சடை தையி. பைய தையி. முன்னால வராதே."

என் வீட்டுக்காரிக்கு நான் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மறுபடியும் பூப் பறித்தாள். நான் பார்த்ததில் அவளைப் போலக் கெட்டியான பெண் கிடையாது.

இனிக் கூடை. துணியில் ஆயிரம் எண்ணி ஆயிற்று. அதில் பாதி தங்கச்சி பறித்தது. அவளுக்கு இரண்டு நாளாகச் சாவுத் தீட்டு. அவளுக்குத் தெரியாவிட்டாலும் தீட்டு தீட்டுதான். அந்தப் பூ கோயிலுக்குப் போகக் கூடாது. போனால் ஒருவருக்கும் தெரியாது. அனுப்பியிருந்தால் எல்லாம் வழக்கம்போல இருந்திருக்கும். அப்பாவால் அது மட்டும் முடியவில்லை. மகளிடம் பொய் சொல்ல முடிந்தது. சாமிக்குத் தீட்டுப் பூ அனுப்ப முடியவில்லை.

"வண்டி அச்சு கீறிட்டு," என்றார் தங்கச்சியிடம். "இன்னைக்குக் கூடை போகலை. பூ வீணாத்தான் போகும். ஒனக்குச் சடை தைக்கச் சொல்லியிருக்கேன்."

தங்கச்சி வண்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். வரப்பில் அந்த ஆள் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"யாருப்பா வந்தது?"

"காளை விலைக்கு உண்டான்னு கேக்க வந்தான்."

"என்ன சொன்னிய?"

"இல்லைன்னுட்டேன்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். "சரிப்பா," என்றாள்.

வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்து அம்மை தலையைப் பிரித்தாள். எண்ணெய் வைத்துச் சீவினாள். ஊசியில் வாழைநாரைக் கோத்து மொக்கை ஒவ்வொன்றாகச் சடையில் தைத்தாள். என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அப்பா கொழுந்து பறித்து வந்தார். கனகாம்பரம் பறித்து வந்தார். மறுபடியும் போய் அரளி பறித்து வந்தார்.

"அரளியைத் தலையில வைப்பாவளாப்பா?" என்று தங்கச்சி சிரித்தாள்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். அதுதான் அன்றைய வேலை என்று ஆகிவிட்டது. எனக்கு அந்த வேலை வரவில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று காளையின் லாடத்தைப் பற்றிப் பேசினேன். நான் பேசியதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தேன்.

"என்ன அம்மை, கழுத்தெல்லாம் நனையுது?" என்றாள் தங்கச்சி.

அம்மை தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். என் வீட்டுக்காரிதான் சொன்னாள். "வாடக் கூடாதுன்னு பூவுல தண்ணி தெளிச்சிருக்குட்டி. திரும்பாதே, சடை கோணும்."

தங்கச்சி திரும்பவில்லை. கடைசி வரைக்கும் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சடை தைத்து முடிய வெகுநேரம் ஆனது. தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளை. காதோரம் கனகாம்பரம். அவள் எழுந்து கிணற்றுக்குப் போனாள். தண்ணீரில் பார்க்க வேண்டும் என்றாள். மழைக்குக் கிணறு மேலே வந்திருந்தது. அவள் குனிந்தாள். நான் போய்ப் பின்னால் நின்றேன்.

"எதுக்குண்ணே பின்னாலயே வாரே? விழுந்துருவேன்னா?"

"வழுக்கும்."

"விழ மாட்டேன். போ."

நான் போகவில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் முகம் தெரிந்தது. சடை தெரியவில்லை. அதற்காகப் பக்கவாட்டில் திரும்பி, சடையை முன்னால் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள்.

பிறகு ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி, மேல்கோடியிலிருந்து கீழ்க்கோடி. ஒன்றைக் கூட விடவில்லை. செடியின் தலையில் கையை வைத்துக்கொண்டே போனாள். அப்பா அவளுக்குப் பத்தடி பின்னால் நடந்தார். நிழல் கிடையாது.  அப்பாவுக்குத் தோட்டம் என்றால் வேலை. அதில் கை வீசிக்கொண்டு நடந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நடுவில் ஓர் இடத்தில் தங்கச்சி நின்றாள். "இந்தச் செடி நான் நட்டது," என்றாள். அப்பா ஆமாம் என்றார். அது அவள் நட்டதில்லை. அவள் நட்டது போன வருஷமே பட்டுப்போனது. அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானம் அம்மை தோட்டத்திலேயே கல் கூட்டிப் பொங்கினாள். என்ன பொங்குகிறோம் என்று தெரியாமல் பொங்கியிருப்பாள். அப்பா தேங்காய் உரித்துக் கொடுத்தார், அவள் பால் பிழிந்தாள், பார்த்தால் சொதி. எங்கள் பக்கம் சொதி மறுவீட்டுச் சாப்பாடு. மாப்பிள்ளை வந்தால் வைப்பது.

"சொதியா?" என்றாள் தங்கச்சி. "யாருக்கு அம்மை மறுவீடு?"

ஒருவரும் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. அம்மை கையில் அகப்பை அப்படியே நின்றது.

"ஒனக்குத்தான்," என்றாள் என் வீட்டுக்காரி. "சடை தைச்சு மணப்பொண்ணு மாதிரி இருக்கேல்லா. ஒழுங்காத் தின்னு."

அவள் தின்றாள். இரண்டாந்தரம் வாங்கித் தின்றாள்.  அப்பா பிசைந்துகொண்டே இருந்தார்.

"தின்னுங்க எல்லாரும்," என்றாள் தங்கச்சி. "அம்மை, நீயும் இப்பமே போட்டுத் தின்னு. இனி அடுப்பு எப்பம் பத்துமோ."

மழையில் நனைந்த விறகைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

வெயில் சாய்ந்தது. பிச்சி சாயந்தரம் மலர்கிற பூ. காலையில் மொக்காகத் தைத்தது அவள் தலையில் ஒவ்வொன்றாக விரிந்தது. மணம் தாங்கவில்லை. செடியில் இருக்கும்போது அந்த மணம் எனக்குத் தெரிந்ததில்லை. அதற்குள் இருந்தே வளர்ந்தவனுக்கு அது தெரியாது. அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது ஆகாது. விற்பேன், எண்ணுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.

தங்கச்சி அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத் தன் காதோரத்துக் கனகாம்பரத்தை எடுத்து அவள் கொண்டையில் செருகினாள். "பனம்பூ அனுப்ப முடியாது போல இருக்கு மயினி," என்றாள். என் வீட்டுக்காரி எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது காளையின் கழுத்தில் முகத்தை வைத்து நின்றாள்.

வாய்க்கால் பாலத்துக்கு அந்தப்புறம் வண்டி மணி கேட்டது. கூடவே ஒப்பாரிச் சத்தம். அத்தை வண்டியிலேயே தொடங்கிவிட்டாள்.

அப்பா எழுந்தார். இப்போதாவது சொல்ல வேண்டும். அவளுக்கு முன்னால் வந்து நின்றார். வாய் திறந்தது.  மறுபடியும் திறந்தது.

"நீங்க சொல்ல வேண்டாம்பா," என்றாள் தங்கச்சி.

அவர் அப்படியே நின்றார்.

"கழுத்தளவு தண்ணியில கூடையைக் கொண்டுபோனவிய நீங்க. அச்சு முறிஞ்சா கூடை நிக்குமா? தலையில தூக்கிட்டுப் போயிருப்பிய." அவள் குரல் கொஞ்சம் கூட உடையவில்லை. "வரப்புல நின்ன அவிய வீட்டு ஆளை எனக்குத் தெரியாதா? காலையிலயே தெரியும்பா. எப்பம் எரிச்சாவ?"

"முந்தாநாள்," என்றேன் நான்.

அவள் தலையாட்டினாள்.

அப்பா தரையில் உட்கார்ந்தார். "ஒன்னைய நான் கூப்பிட்டிருக்கக் கூடாதும்மா," என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செத்த வருஷத்திலும் அதைத்தான் சொன்னார்.

"தெரிஞ்சும் ஏன்ட்டி இருந்தே?" என்றாள் அம்மை. காலைக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்காவன்னு நெனச்சியளா? எனக்குத்தான். எனக்கு வேணும்னு இருந்தது." இப்போது உடைந்தது. "அவிய அங்கன எரிஞ்சு கிடக்காவ, எனக்குப் பூ வேணும்னு இருந்தது அம்மை."

அம்மை அவளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் காளைகள் கயிற்றை இழுத்தன.

வண்டி வந்துவிட்டது. அத்தை மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பூத்தலையைப் பார்த்து நின்றாள். அவளுக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கத்தினாள். "எம்மருமவன் வெந்து சாம்பலாயிட்டான், இங்கன சடை தைச்சு உக்காந்திருக்காளா!" கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அப்பா எழுந்திருப்பதற்குள் தங்கச்சி சொன்னாள்.

"கையை வைக்காதீங்க அத்தை. பத்தாம் நாளு ஒங்க கையால எடுங்க. இதை நான் எடுக்கேன்."

துட்டி வீட்டுக்குப் பூவோடு போக முடியாது. அவள் வேப்பமரத்தடியில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். சடையை முன்னால் போட்டாள். காலையில் எண்ணிய துணி அங்கேயே கிடந்தது. அதை இழுத்துச் சுருக்கம் இல்லாமல் விரித்தாள். நாரை அறுத்து ஒவ்வொரு பூவாக எடுத்தாள். கசக்கவில்லை. ஐந்து ஐந்தாக வைத்தாள். கோயில் பூ வைக்கிற மாதிரியே, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. அத்தை கூடச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். வண்டிக்காரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். நானும் மனதுக்குள் எண்ணினேன். நடுவில் விட்டுவிட்டேன்.

சடை நுனி வந்தது. முடி தனியாகத் தொங்கியது. கடைசிப் பூ வரிசையில் சேராமல் ஒற்றையாக நின்றது.

அம்மை அங்கே வந்து நின்றாள். தினமும் நிற்கிற இடம். அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எத்தனை?"

வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி அந்த ஒற்றைப் பூவைக் கீழே வைத்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

முந்நூற்று நாற்பத்தொன்று.